தண்ணுமை முதல்வர் பாலக்காட்டு மணி ஐயர்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடஞ் சொல்லும்போது, தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைக் கூறும் பகுதியில் யான் சற்றுத் தங்கிவிடுவது வழக்கம். யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் குறைவுபட்ட இடத்தே அக்குறையை நிரப்பவும், மிகுந்த இடத்தே அம்மிகையை அடக்கவும், இரண்டினையும் தன் கைத்தொழில் பிறவற்றின்மேல் ஓங்கித் தோன்றாதவாறு செய்யவும் வல்லவனே தண்ணுமை முதல்வன் என்பது இளங்கோவடிகள் கருத்து. இவ்விலக்கணத்துக்கு இலக்கியமாக அண்மை நூற்றாண்டில் வாழ்ந்தவர் எவர் என்று என்னை வினவினால், பாலக்காட்டு மணி ஐயர் என்று தயங்காது கூறுவேன்.

ஐயரவர்கள் 1912ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, திருவில்வாமலையை அடுத்த பழயனூரிற் பிறந்தார். தந்தையார் சேஷம் பாகவதர் இசைவாணர். இளமையிலேயே சாத்தபுரம் சுப்பையரிடம் மிருதங்கப் பயிற்சி தொடங்கிற்று. செம்பை வைத்தியநாத பாகவதர் இச்சிறுவனின் கைத்திறனைக் கண்டு, தம்முடன் ஊர்தோறும் அழைத்துச் சென்று வாசிக்கச் செய்தார். பன்னிரண்டு வயதளவிலே சென்னையில் செம்பையின் கச்சேரிக்கு வாசித்ததிலிருந்து ஐயரின் பெயர் எங்கும் பரவலாயிற்று. அவ்வளவு பெயர் பெற்ற பின்னரும் தஞ்சாவூர் வைத்தியநாதையரை அடைந்து மாணவராய் அமர்ந்து கற்றாரென்பதை இக்கால இளைஞர் கருத்திற் கொள்ளவேண்டும்.

அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் பயணமும் மேடையுமாகவே கழிந்தது. செம்பை, அரியக்குடி இராமானுச ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர், ஆலத்தூர்ச் சகோதரர், ஜி. என். பாலசுப்பிரமணியம், புல்லாங்குழல் மாலி என அக்காலத்துப் பெருங்கலைஞர் பலர்க்கும் அவர் பக்கவாத்தியம் வாசித்தார். இவர்களுள் ஒருவர் போல் ஒருவர் பாடுவதில்லை. அரியக்குடியின் பாட்டு மத்திம காலத்தில் அளந்து கட்டிய நடை. பாலசுப்பிரமணியத்தினதோ பிருகாக்கள் மின்னலெனப் பாயும் வேகம். மதுரை மணியின் கற்பனைச் சுரங்கள் கணக்கின் சுமை தெரியாது ஓடும் தெளிந்த நீரோட்டம். மாலியோ அடுத்த நொடியில் என்ன செய்வாரென்று எவராலும் சொல்லவொண்ணாதவர். ஒவ்வொருவர்க்கும் ஏற்ப ஐயரின் வாசிப்பு வேறு வேறு ஆயிற்று. ஆயினும், இரண்டு சொற்கள் காதில் விழுந்தாலே அது மணி ஐயரின் கை என்று அறிந்துவிடலாம். இதனை யான் அவருடைய ஒலிப்பதிவுகளில் மட்டுமே கேட்டறிந்தேன். நேரிற் கேட்கும் பேறு என் தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

தாளத்தின் எண்ணிக்கையை மட்டும் பற்றிக்கொண்டு முழக்குவோர் பலர். ஐயரோ பாட்டின் சொற்கட்டையே பின்பற்றினார். கீர்த்தனையின் சங்கதி வளைந்தால் மிருதங்கமும் வளையும். பாடகர் ஒரு சொல்லில் நின்றால் அதுவும் நிற்கும். வாசியாது விடும் இடமே அவர் வாசிப்பின் அழகென்பது என் துணிபு. இடந்தலையில் உள்ளங்கையை அழுத்தி எழுப்பும் கும்கி ஒலியை அவர் அளவறிந்தே வழங்கினார்.

புதுக்கோட்டை மரபினரான பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) அவருக்கு நிகராக மதிக்கப்பெற்றவர். அவர் இடக்கையர், அது காரணமாக மேடையிற் சில இடையூறுகளை அனுபவித்தவர். அவர் கஞ்சிராவும் ஐயர் மிருதங்கமும் ஏந்திய கச்சேரிகள் பல. இருவரில் எவர் பெரியவர் என்று வாதிடும் இரசிகர் இன்றும் உளர். அவ்வாதத்தில் எனக்கு விருப்பமில்லை.

இத்துணை நுண்ணிய நாதம் கையால் மட்டும் வருவதன்று. மிருதங்கத்தின் உடல் பலாமரம்; அதன் இரு தலைகளுக்கும் பசு, ஆடு, எருமை என்னும் மூன்றின் தோலும் வேண்டும். தோலைத் தெரிந்தெடுத்து, பதப்படுத்தி, வாரிழுத்துக் கட்டுதல் தனிக்கலை. தஞ்சாவூரில் வாழ்ந்த பர்லாந்து என்னும் தொழிலாளரே ஐயரின் மிருதங்கங்களை ஆக்கியவர். ஐயர் விரும்பிய நாதத்தைத் தேடி இருவரும் நெடுங்காலம் ஆராய்ந்தனர். ஆனால், மேடைக்குக் கிடைத்த மதிப்பு தோற்பட்டறைக்குக் கிடைக்கவில்லை. சாதி குறுக்கே நின்றது. அத்தொழிலாளர் குடும்பங்களின் வரலாற்றை ரி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலாக எழுதியுள்ளார். அதனைப் படித்த பின் மணி ஐயரின் இசையைக் கேட்கும்போது பர்லாந்தையும் உடன் நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

நாதத்தில் வைத்த இப்பற்றே ஐயரை ஒலிபெருக்கிக்குப் பகைவராக்கிற்று. மிருதங்கத்தின் இயல்பான ஒலியை அது கெடுக்கிறது, பாட்டுக்கும் பக்கவாத்தியத்துக்கும் உள்ள அளவைக் குலைக்கிறது என்பது அவர் கொள்கை. புகழின் உச்சியில் இருந்த காலத்தில், ஒலிபெருக்கி வைத்த மேடையில் வாசியேன் என்று உறுதி பூண்டார். ஆயிரக்கணக்கானோர் கூடும் மண்டபங்களில் அஃது எங்ஙனம் இயலும்? கச்சேரிகள் குறைந்தன, வருவாயும் குறைந்தது. சில காலத்தின் பின் அவர் தம் பிடிவாதத்தைத் தளர்த்தினார்.

அவருடைய பிடிவாதங்கள் யாவும் போற்றத்தக்கன அல்ல. பெண் பாடகர்க்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் ஒதுங்கியிருந்தமை அவருடைய புகழுக்கு அணி செய்வதன்று. பிற்காலத்தில் அவ்வழக்கத்தைக் கைவிட்டு முதன்முதல் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். ஐயரின் மகளை மணந்தவர் பட்டம்மாளின் மகனாவார். இன்று நாம் கேட்கும் நித்யசிறீ இவ்விரு குடும்பத்துக்கும் பேர்த்தி.

1956இல் சங்கீத நாடக அக்கடமியின் விருதும், 1971இல் பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தன. 1965இல் எடின்பரோ விழாவிலும் வாசித்தார். ஆயினும் 1966ஆம் ஆண்டே குறிக்கத்தக்கது. சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அதுகாறும் எந்த மிருதங்க வித்துவானுக்கும் வழங்கப்பட்டதில்லை. பாடகரின் பக்கத்திலிருந்தவர் அவ்வாண்டு அவையின் தலைமையிடத்தில் அமர்ந்தார்.

பிற்காலத்தில் ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்குப் பாடசாலையிலே கற்பித்தார். பாலக்காட்டு இரகு, உமையாள்புரம் சிவராமன் முதலியோர் அவர் மாணவராய்ப் புகழ் பெற்றனர். 1981ஆம் ஆண்டு மே 30ஆந் திகதி, அறுபத்தெட்டாம் வயதில் ஐயர் காலமானார்.

அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடுவோர் பெரும்பாலும் தனியாவர்த்தனத்தையே முதலிற் கேட்பர். அன்பர்கள் அதனைச் சற்றுப் பொறுத்து வைத்துக்கொண்டு, அரியக்குடி அநுபல்லவி முடித்துச் சரணம் எடுக்கும் இடத்தில் மிருதங்கம் என் செய்கின்றதென்று முதலிற் கேட்டுப் பார்ப்பார்களாக.