எர்ல் வாரன்: அச்சத்துக்குத் துணைபோன ஒரு சட்ட அதிகாரி

இந்தியாவில் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார். அமெரிக்காவில் 43 மாநிலங்களில் அந்த இடத்தில் உள்ள அட்டர்னி ஜெனரலை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டுக் கேட்டுப் பதவிக்கு வருபவர், ஓட்டுரிமை இல்லாதவர்களுக்கு நீதி செய்வாரா? கலிஃபோர்னியாவின் எர்ல் வாரன் வாழ்க்கை அந்தக் கேள்வியை நம் முன் வைக்கிறது.

1891-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த வாரன், ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். பெர்க்லியில் சட்டம் படித்து, 1925-இல் அலமீடா மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் ஆனார். நேர்மையானவர், கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தார்.

அப்போது மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்குப் பெரிய அதிகாரம் இல்லை. யூலிசிஸ் வெப் என்பவர் 1902 முதல் தொடர்ந்து அதில் இருந்தார். மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும் ஷெரிஃப்களையும் மேற்பார்வையிடும் அதிகாரத்தை அந்தப் பதவிக்குத் தரும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வாரன் ஆதரவு திரட்டினார். 1934-இல் வாக்காளர்கள் அதை ஏற்றார்கள். 1938 தேர்தலில் வெப் போட்டியிடவில்லை. ஒருவரே பல கட்சிகளின் வேட்பாளர் தேர்வில் நிற்கலாம் என்ற அன்றைய விதிப்படி, குடியரசுக் கட்சிக்காரரான வாரன் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகவும் தேர்வாகி எளிதில் வென்றார்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்கள்மீது சந்தேகமும் வெறுப்பும் மூண்டன. ஜப்பானில் பிறந்து அங்கே குடியேறியவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அவர்களுக்கு ஓட்டும் இல்லை.

வாரன் அந்த அச்சத்துக்குத் துணைபோனார். 1942 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். ராணுவத் தளங்களுக்கும் ஆலைகளுக்கும் அருகில் ஜப்பானியர் நிலம் வைத்திருப்பதாக வரைபடங்களைக் காட்டினார். அதுவரை ஒரு நாசவேலையும் நடக்கவில்லையே என்றால், அதுவே பெரிய சதிக்கு அடையாளம் என்று வாதிட்டார். குற்றம் செய்யாததையே குற்றத்துக்குச் சான்றாக்கினால், ஒருவர் எதைக் காட்டித் தன்னை நிரூபிப்பார்?

சுமார் 1,20,000 பேர் வீடு, வயல், கடைகளை விட்டு, முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். முதியவர்கள், கைக்குழந்தைகள் என யாரும் விலக்கப்படவில்லை. போர்க்காலம் முழுவதும் அவர்களில் ஒருவர்மீதும் உளவு, நாசவேலைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அதே 1942-இன் இறுதியில் வாரன் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மொத்தம் மூன்று முறை அந்தத் தேர்தலில் வென்றார்.

1953-இல் அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். அதன்பிறகு அவருக்கு யாரிடமும் ஓட்டுக் கேட்கும் தேவை இருக்கவில்லை. 1954-இல் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்துவைப்பது செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அதை எழுதியவர் வாரன். கைதானவருக்கு மௌனம் காக்கவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்பதைப் போலீஸார் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற 1966 தீர்ப்பும் அவருடையதே.

1974-இல் வாரன் இறந்தார். ஜப்பானியக் குடும்பங்களை வெளியேற்றியதற்குத் துணைநின்றது தவறு என்று மனம் வருந்தி அவர் எழுதியது, மறைவுக்குப் பின் வந்த நினைவுக்குறிப்பு நூலில் வெளியானது. அரசு 1988-இல்தான் முறைப்படி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. அதற்குள் பலர் இறந்துவிட்டிருந்தார்கள்.

அந்த வெளியேற்றத்தை ஏற்ற 1944-ஆம் ஆண்டுத் தீர்ப்பு பெரும் பிழை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் அறிவித்தது. ஆனால், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பல நாட்டினர்மீதான பயணத் தடையை அது ஏற்றுக்கொண்டதும் அதே தீர்ப்பில்தான்.

நேர்மையானவர் என்று பெயரெடுத்தவரும், பெரும்பான்மையின் அச்சத்துக்கு முன்னால் தவறக்கூடும். ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகிக்கச் சொல்லும்போது, சான்று எங்கே என்று அப்போதே கேட்கப்பட வேண்டும். காலம் கடந்து வரும் வருத்தம் உண்மையானதாகவே இருந்தாலும், பறிபோன வீட்டையும் ஆண்டுகளையும் அது திருப்பித் தருவதில்லை.