ஓவியர் அலெக்ஸ் ரேமண்ட்

செய்தித்தாளுக்கு ஆயுள் ஒரு நாள்தான். காலையில் ஆவலோடு பிரிக்கப்படும் தாள் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடுகிறது. எந்த நாட்டிலும் இதுதான் வழக்கம். அப்படியிருக்க, 1934-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிறு மலரில் வாரம் ஒன்றாக வெளிவந்த சில படக்கதைப் பக்கங்கள், கனத்த அட்டையிட்ட பெரிய நூல்களாகத் திரும்பத் திரும்ப மறுபதிப்புச் செய்யப்பட்டுள்ளன. அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஃபிளாஷ் கார்டன் என்னும் விண்வெளி வீரனின் கதை அது. அதை வரைந்த அலெக்ஸ் ரேமண்டின் வாழ்க்கையை நாம் இங்கே காண்போம்.

நியூயார்க் நகருக்கு அருகிலுள்ள நியூ ரோஷல் என்னும் ஊரில், 1909-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் ரேமண்ட் பிறந்தார். தந்தை சாலைகள் அமைக்கும் பொறியாளர். அவருடைய அலுவலகம், அக்காலத்தில் உலகிலேயே உயரமானதாக இருந்த உல்வொர்த் கட்டடத்தில் இருந்தது. பிள்ளை கிறுக்குவதைக் கண்டால் கடிந்துகொள்ளும் பெற்றோரே அதிகம். இவரோ மகன் வரைந்த படங்களையெல்லாம் அந்த அலுவலகத்தின் சுவர் ஒன்று நிறைய மாட்டி வைத்தார்! ஆனால் ரேமண்டுக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை இறந்துபோனார். படம் வரைந்து பிழைக்க முடியாது என்ற எண்ணம் சிறுவனின் மனத்தில் விழுந்தது. விளையாட்டுத் திறமைக்காகக் கிடைத்த உதவித்தொகையில், கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய அயோனா பள்ளியில் சேர்ந்து படித்தார்.

1928-ஆம் ஆண்டு நியூயார்க் பங்குச் சந்தைத் தெருவில் அவருக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. மறு ஆண்டே சந்தை சரிந்தது. எத்தனையோ குடும்பங்களை அச்சரிவு தெருவில் நிறுத்தியது. ரேமண்டின் வேலையும் போயிற்று. வீட்டுக் கடன் தரகர் ஒருவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் காலம் தள்ளிக்கொண்டே, ஓவியப் பள்ளி ஒன்றிலும் சேர்ந்தார். முன்பு அண்டை வீட்டில் இருந்த ரஸ் வெஸ்ட்ஓவர் என்பவர் புகழ் பெற்ற படக்கதை ஓவியர். அவரிடம் போய்க் கேட்டதில் உதவியாளர் வேலை கிடைத்தது. பங்குச் சந்தை விழாதிருந்தால் இந்த ஓவியர் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே மறைந்திருப்பாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் படக்கதைகளை நாளிதழ்கள் தாமே தயாரிப்பதில்லை. ஒரு நிறுவனம் ஓவியரை அமர்த்தி வரையச் செய்து, அதே கதையை நூற்றுக்கணக்கான இதழ்களுக்கு விற்கும். அவற்றுள் பெரியது கிங் ஃபீச்சர்ஸ். 1929-இல் தொடங்கிய பக் ராஜர்ஸ் என்ற எதிர்காலக் கதை வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்து நாடெங்கும் பரவியிருந்தது. அதற்குப் போட்டியாக ஒரு கதை தேவைப்பட்டபோது, பிறருக்குக் கீழே பெயரின்றி வரைந்துகொண்டிருந்த இளைஞர் ரேமண்டிடம் அப்பணி வந்தது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் ஃபிளாஷ் கார்டன் முதன்முதலாக வெளிவந்தது. அதே தாளில் ஜங்கிள் ஜிம் என்ற காட்டுக் கதையும் அவருடையதே. அம்மாதம் 22-ஆம் நாள் சீக்ரெட் ஏஜெண்ட் எக்ஸ்-9 என்ற துப்பறியும் தினத்தொடரும் தொடங்கியது. அதற்குக் கதை எழுதியவர் டாஷியல் ஹாமெட். ஒரே மாதத்தில் மூன்று தொடர்கள்! அப்போது ரேமண்டுக்கு வயது இருபத்து நான்கு. தினத்தொடரை அவர் நீண்ட நாள் தாங்கவில்லை. 1935-இன் இறுதியில் விட்டுவிட்டார்.

ஃபிளாஷ் கார்டனின் கதை இதுதான். பூமியை மோத ஓடி வருகிறது மாங்கோ என்னும் கிரகம். டாக்டர் ஸார்க்காவ் என்ற விஞ்ஞானி, ஃபிளாஷையும் டேல் ஆர்டன் என்ற பெண்ணையும் தம் ராக்கெட்டில் வலுவில் ஏற்றிக்கொண்டு அங்கே போய் இறங்குகிறார். அங்கே மிங் என்னும் கொடுங்கோலன் ஆள்கிறான். சிங்க மனிதர், பருந்து மனிதர், பனி நாடு, கடலடி நாடு என்று கதை விரிகிறது. ராக்கெட்டில் பறக்கிறவர்கள் இறங்கியதும் வாள் வீசுகிறார்கள். நம் இயற்பியல் பாடநூல் இதில் எதையும் ஒப்புக்கொள்ளாது. கதை எழுதுவதில் டான் மூர் என்பவர் துணை நின்றார். அவர் பெயர் தாளில் வரவில்லை.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். கொடியவன் மிங்கிற்கு ஆசிய மக்களின் முகச்சாயலைத் தந்தது அக்காலத்து மேனாட்டாரின் தவறான எண்ணம். ஆசியர்களாகிய நமக்கு அது வருத்தமே. டேல் ஆர்டனுக்கோ பெரும்பாலும் கடத்திச் செல்லப்படுவதே வேலை. அவளுக்கு இன்னும் சற்று அறிவையும் துணிவையும் கொடுத்திருக்கலாம்.

படங்களை மட்டும் யாரும் குறை கூற முடியாது. தொடக்கத்தில் தாள் முழுவதும் சிறு சிறு கட்டங்களாக இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கட்டங்கள் பெரிதாயின. பேச்சைக் குமிழிக்குள் எழுதும் வழக்கத்தையும் விட்டு, எழுத்தைப் படத்தின் ஓரத்திற்கு ஒதுக்கினார். ஆட்களை எதிரே நிற்கவைத்துப் பார்த்து வரைவார். தூரிகையின் மெல்லிய கோடுகளால் துணியின் மடிப்பையும் தசையின் முறுக்கையும் காட்டுவார். மலிவான தாளில், நான்கே மைகளில் அச்சாகப் போகிற படத்திற்கு இவ்வளவு உழைப்பு ஏன் என்று கேட்கத் தோன்றும். அவர் குறைத்துக்கொள்ளவில்லை. 1936-இல் ஃபிளாஷ் கார்டன் பதின்மூன்று பகுதிகள் கொண்ட திரைப்படத் தொடராகவும் வந்தது. பிற்காலத்தில் ஜார்ஜ் லூகாஸ் அக்கதையையே படமாக்க விரும்பினார். உரிமை கிடைக்காமல் போகவே, சொந்தமாக ஒன்றைப் படைத்தார். 1977-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் அதுவே.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1944-இல் ரேமண்ட் புகழின் உச்சியில் இருந்த தொடரை விட்டு அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். முப்பத்து நான்கு வயதானவர், குடும்பத் தலைவர், இருந்தும் சென்றார். பசிபிக் கடலில் கில்பர்ட் ஐலண்ட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியபோது ஃபிளாஷ் கார்டனை ஆஸ்டின் பிரிக்ஸ் வரைந்துகொண்டிருந்தார். நிறுவனம் அதை ரேமண்டிடம் திருப்பித் தரவில்லை. பத்து ஆண்டுகள் வாரந்தோறும் வரைந்து வளர்த்தவர் அவர். ஆனால் சட்டப்படி அந்த வீரன் நிறுவனத்தின் உடைமை. அக்காலத்தில் பெரும்பாலான படக்கதை ஓவியர்களின் நிலை இதுவே. நமக்கு இது நியாயமாகப் படவில்லை.

ரேமண்ட் ஓய்ந்துவிடவில்லை. 1946 மார்ச் 4-ஆம் நாள் ரிப் கிர்பி என்ற புதிய தினத்தொடரைத் தொடங்கினார். இதன் நாயகன் மூக்குக்கண்ணாடி அணிந்தவன். முட்டியைவிட மூளையை நம்புகிற துப்பறிவாளன். அவனுடைய பணியாளன் டெஸ்மண்ட், திருந்திய திருடன். நம் முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு ரிப் கிர்பி புதியவனல்லன். அதில் வந்த காரிகனும் பழைய எக்ஸ்-9 தான், பெயர் மாறி வந்தவன். ரேமண்டின் பெயரை அறியாமலே தமிழ்ப் பிள்ளைகள் அவர் பெற்ற பிள்ளைகளோடு பழகியிருக்கிறார்கள். 1949-ஆம் ஆண்டுக்குரிய ரூபன் விருது அவருக்குக் கிடைத்தது. தேசியப் படக்கதை ஓவியர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் ஊருக்கருகே, உடன் ஓவியரான ஸ்டான் டிரேக்கின் புதிய காரை ரேமண்ட் ஓட்டிச் சென்றார். வேகமாகச் சென்ற கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. டிரேக் காயங்களுடன் பிழைத்தார். ரேமண்ட் இறந்தார். வயது நாற்பத்தாறு. மனைவி ஹெலனும் ஐந்து மக்களும் இருந்தனர். டேரியன் ஊரில் புனித அருளப்பர் கத்தோலிக்கக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். ரிப் கிர்பியை ஜான் பிரெண்டிஸ் ஏற்று, 1999 வரை வரைந்தார்.

அந்த ஞாயிறு மலர்கள் என்னவாயின? இடம் போதாத நூலகங்கள் பழைய இதழ்களை நுண்படச்சுருளில் பதிவு செய்துகொண்டு தாளை வெளியே தள்ளின. சுருளில் எழுத்து நின்றது, வண்ணம் போயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் பில் பிளாக்பேர்ட் என்பவர் இதைக் கண்டு மனம் பொறாமல், 1968-இல் ஒரு சிறு கழகம் அமைத்து, நூலகங்கள் தள்ளிய கட்டுகளைத் தம் வீட்டிலேயே அடுக்கினார். படுக்கும் அறை, வண்டிக் கொட்டகை எல்லாம் தாள்! பின்னர் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்றுக்கொண்டபோது எடை ஏறத்தாழ 75 டன் இருந்தது. ஆறு பெரிய லாரிகளில் ஏற்றிச் சென்றார்கள். பழைய படக்கதைகளின் மறுபதிப்புகள் பல, இப்படி யாரோ காத்துவைத்த தாளிலிருந்து படம் பிடித்தவையே. ஃபிளாஷ் கார்டனின் பனி நாட்டுக் கதை 1967-இல் தனி நூலாயிற்று. 1990-களில் ஆறு தொகுதிகள் வந்தன. பின்னர் வந்த ஒரு பெரும் பதிப்பில், மேலே ஜங்கிள் ஜிம், கீழே ஃபிளாஷ் கார்டன் என்று, 1934-இல் வீடுகளுக்கு வந்த அதே அமைப்பில் பக்கங்களை அச்சிட்டிருக்கிறார்கள்.