சக்கரங்களில் இட்ட முதல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் மாட்டுவண்டியே மக்களின் முதன்மையான ஊர்தி. மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதை 1876ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. ஆயினும், அப்பாதையிலிருந்து விலகி நின்ற டி. கல்லுப்பட்டி போன்ற ஊர்களின் மக்கள், கரிசலில் விளைந்த பருத்தியை வண்டியிலேற்றி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. இரயில் எட்டாத ஊர்களை மோட்டார் வண்டி எட்டும் என்று நம்பி, அந்நம்பிக்கையில் தம் எதிர்காலத்தையே பணயமாக வைத்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

அவர் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் தவறாது வரும் ஊதியத்தைத் துறந்து, 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் நிறுவனத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே பேருந்துத் தொழிலில் இறங்கினார்.

அத்தொழிலின் இடர் எளியதன்று. நிலத்தில் இட்ட முதல் நிலைத்து நிற்கும். வண்டியில் இட்ட முதலோ ஓடஓடத் தேயும். பயணியர் குறைந்தாலும் எரிபொருளுக்கும் ஊழியருக்கும் ஆகும் செலவு குறையாது. வண்டிகளும் உதிரிப்பாகங்களும் கப்பலில் வந்த அக்காலத்தில், ஓர் உறுப்பு பழுதானாலும் வண்டி பலநாள் முடங்கும். முடங்கிய வண்டி வருவாய் ஈட்டாது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் வளரும்.

இவ்வுண்மையை உணர்ந்தே சுந்தரம் ஐயங்கார் தம் தொழிலை வகுத்துக்கொண்டார். பழுதான பின் சரிசெய்வதைவிடப் பழுது வாராமல் காப்பதே ஆதாயம் என்று கருதினார். காலந்தவறாமையை உயிராகப் போற்றினார். அவருடைய பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மக்கள் பேசும் நிலை உருவாயிற்று. அந்நம்பிக்கையே அவர் ஈட்டிய பெருஞ்செல்வம்.

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. வண்டிகள் நின்றால் தொழிலே நின்றுவிடும். அந்நெருக்கடியில், கரியிலிருந்து பெறும் வாயுவால் வண்டியை இயக்கும் கருவியை அவரது நிறுவனம் உருவாக்கியது. பேருந்தை மட்டுமே நம்பியிராமல், வாகன விற்பனை, உதிரிப்பாக வணிகம், தேய்ந்த டயரைப் புதுப்பித்தல் எனத் தொழிலைப் பல கிளைகளாகப் பரப்பினார்.

வண்டி வாங்க முதலில்லாமல் பலர் திகைப்பதை இக்குடும்பம் நன்கறிந்திருந்தது. அவருடைய மகன் டி.எஸ். சந்தானம் 1954இல் இரண்டு இலட்சம் ரூபாய் முதலுடன் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓடும் வண்டியின் வருவாயிலிருந்தே தவணை செலுத்தி, அதனை உரிமையாக்கிக்கொள்ள இந்நிறுவனம் வழிசெய்தது. கடன் பெறுவோரின் நாணயத்தையும் உழைப்பையும் எடைபோட்டுக் கடன் தருவதே இத்தொழிலின் நுட்பம்.

சுந்தரம் ஐயங்கார் 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்தார். 1972இல் மதுரையின் டி.வி.எஸ். பேருந்துகளை அரசு ஏற்றுக்கொண்டது; பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தொழிலின் வேராக விளங்கிய பேருந்துகள் கைவிட்டுப் போன பின்னும், அவர் முன்னரே பரப்பியிருந்த கிளைகள் நிலைத்து நின்றன. இடரை அஞ்சி ஒதுங்காமலும், அதனை அளவிடாமல் பாயாமலும் தொழில் செய்த ஒருவரின் முன்னறிவுக்கு அதுவே சான்று.