ராமானுஜனுக்கு ஆட்டிசம் இருந்ததா? ஜானகியின் பக்கமிருந்தும் பார்க்கணும்

ராத்திரி மொபைலில் ஆட்டிசம் பற்றிய 50 கேள்விகளுக்குப் பதில் போட்டு, மதிப்பெண்ணைப் பார்த்ததும் கணவரையோ மனைவியையோ எழுப்பிக் காட்டியிருக்கீங்களா? இன்று பல தம்பதிகள் இப்படித்தான் தங்களைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விப் பட்டியலை 2001இல் வெளியிட்டது கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள். அதே ஊரில் சில ஆண்டுகள் இருந்த கணித மேதை ராமானுஜன் மீதும் இந்த முத்திரை விழுந்திருக்கிறது. அது பொருந்துமா?

பொருந்துவது போலத் தெரிபவை

ராமானுஜன் பிறந்தது 1887, ஈரோட்டில். மூன்று வயது வரை பேசவில்லை என்கிறார்கள் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர எதையும் படிக்காததால் உதவித்தொகை போனது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். கேம்பிரிட்ஜில் ஒருமுறை, திருமணம் நிச்சயமான ஒரு ஜோடிக்குத் தன் அறையில் சமைத்து விருந்து வைத்தார். இன்னொரு முறை பரிமாற வந்தபோது போதும் என்றார்கள். சத்தமில்லாமல் வெளியே போனவர், ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய்விட்டார்!

இதையெல்லாம் சேர்த்து, அவருக்கு ஆஸ்பெர்கர் நிலை இருந்தது என 2004இல் எழுதினார் அயர்லாந்து மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு. ஆனால் ராமானுஜன் இறந்து 23 ஆண்டுகள் கழித்துத்தான், 1943இல், ஆட்டிசத்தைத் தனி நிலையாக லியோ கானர் விவரித்தார். இறந்தவரை யாரும் நேரில் பரிசோதிக்க முடியாது.

ஜானகி பக்கம் என்ன நடந்தது?

1909இல் திருமணம். அவருக்கு 21 வயது, ஜானகிக்குப் பத்து. 1914 மார்ச்சில் ராமானுஜன் மட்டும் கப்பலேறினார். பிறகு கடிதங்கள் குறைந்தன, அவர் ஒதுங்கிப் போனார். இதை மட்டும் பார்த்தால் உறவில் ஒட்டாத ஆள் என்றுதான் தோன்றும்.

ஆனால் மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்களும், மனைவி எழுதியவையும் மாமியார் கோமளத்தம்மாள் கையில் நின்றுபோயின. அங்கே போர், குளிர், சைவ உணவுத் தட்டுப்பாடு, நோய். 1918இல் லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். 1919இல் திரும்பியவர், ஜானகி உடன் வந்திருந்தால் இப்படி நோயில் விழுந்திருக்க மாட்டேன் என்று வருந்தியதாகப் பதிவு இருக்கிறது. 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் இறக்கும் வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் ஜானகிதான். 21 வயதில் கணவரை இழந்தவர், தையல் கற்று, ஒரு பையனை வளர்த்து, 1994 வரை வாழ்ந்தார்.

அவர்களுக்கு நடுவே இருந்தது ஆட்டிசமா, கடல் தூரமா, மறைக்கப்பட்ட கடிதங்களா? ஒரே விடை போதாது.

உங்களுக்கு இதில் என்ன?

ஒன்று, மதிப்பெண் என்பது நோய்க்கணிப்பு இல்லை. மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோ உங்கள் குழந்தைப் பருவத்தை விசாரிப்பார். முடிந்தால் அம்மா அப்பாவிடமும் கேட்பார். அறிகுறிகள் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

இரண்டு, உறுதியானால் அது உதவும். கூட்டத்தில் ஏன் களைத்துப்போறார், சுற்றி வளைத்துச் சொன்னது ஏன் புரியலை என்பதற்கெல்லாம் காரணம் தெரியும், திட்டு குறையும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை அங்கீகரிக்கிறது.

மூன்று, புரியாமை ஒருவழிப் பாதை இல்லை. ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் திணறுவது போலவே மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார் என்று 2012இல் வாதிட்டவர் டேமியன் மில்டன். அவரும் ஆட்டிசம் உள்ளவர். அதனால் நீ அப்படித்தான் என்று பேச்சை முடிக்க அந்த மதிப்பெண்ணைக் காட்டாதீங்க. நைட் ஷிஃப்ட், தூக்கமின்மை, வீட்டுப் பெரியவர்களின் தலையீடு எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. ராமானுஜன் வீட்டில் அதை யாரும் பார்க்கவில்லை.

(மன அழுத்தம் தாங்க முடியாமல் இருந்தால், டெலி மானஸ் இலவச எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.)