பெங்களூரில் உத்தியோகம், தமிழில் எழுத்து: அமரர் சுஜாதா

பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்தவனுக்கு எழுத்தும் படிப்பும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதிலாக வாழ்ந்து காட்டியவர் எழுத்தாளர் சுஜாதா. தமிழ்நாடே வாரந்தோறும் காத்திருந்து படித்த அவருடைய கதைகளில் பெரும்பாலானவை, நம் சிவாஜிநகர்வாசிகள் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்திலுள்ள ஜாலஹள்ளியில் அவர் உத்தியோகம் பார்த்த காலத்தில் பிறந்தவை.

எஸ். ரங்கராஜன் என்பது அவருடைய இயற்பெயர். 1935 மே 3ஆம் தேதி சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகமும், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தார். அவருடைய முதல் சிறுகதை 1953இல் திருச்சியிலிருந்து வெளிவந்த 'சிவாஜி' என்ற பத்திரிகையில் பிரசுரமாயிற்று.

மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் பணிபுரிந்தார். பின்னர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வந்தார். குமுதத்தில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் எழுதி வந்ததால், குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக் கொண்டார். 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடர்கதை அவரைப் பிரபலமாக்கியது. வக்கீல் கணேஷும், பிறகு வந்து சேர்ந்த வசந்தும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாயினர்.

பகலில் கம்ப்யூட்டரோடும் மின்னணுக் கருவிகளோடும் பழகியவருக்கு விஞ்ஞானக் கதை எழுதக் கற்பனை மட்டும் துணையாக இருக்கவில்லை, தொழிலறிவும் கைகொடுத்தது. 1980களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' 2020களில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய ஒரு நாட்டில், ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, கதாநாயகிக்குத் துணை நிற்கிறது. இயந்திரமே சிந்தித்தால் மனிதனின் சுதந்திரம் என்னாகும் என்ற கேள்வியை, பாமரருக்கும் புரியும்படி அவர் எழுப்பினார்.

அவருடைய தலைமையில் நடந்த முக்கியமான பணி மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அந்தக் கருவியின் பாதை சுலபமாக இருக்கவில்லை. 1982இல் கேரளத்தின் பரூர் தொகுதியில் முதன்முதலாகச் சோதித்தார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1988இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே வழி பிறந்தது. 2004 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் அந்த இயந்திரத்திலேயே வாக்களித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வாசகரை அவர் மறக்கவில்லை. ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' என்ற பகுதியில், கடிதம் போட்டவர்களின் விஞ்ஞான சந்தேகங்களுக்கு எளிய தமிழில் பதில் எழுதினார். ஓய்வு பெற்றுச் சென்னைக்குக் குடிபெயர்ந்த பிறகு, 'அம்பலம்' என்ற இணைய இதழின் ஆசிரியராக இருந்து, கடல் கடந்த தமிழர்களோடும் கம்ப்யூட்டர் வழியாக நேரடியாக உரையாடினார். அறுபதைத் தாண்டிய வயதில், புது வசதியைக் கண்டு ஒதுங்காமல் முதல் ஆளாக அதில் இறங்கியவர் அவர்.

சினிமாவுக்கும் வசனம் எழுதினார். வேகமாக எழுதுகிறார், ஜனரஞ்சகத்துக்கு வளைகிறார் என்று இலக்கியவாதிகள் குறை சொன்னதும் உண்டு. ஆயினும் அவரைப் படித்து விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பிய இளைஞர்கள் ஏராளம். 2008 பிப்ரவரி 27ஆம் தேதி, 72ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

உத்தியோகம் சோறு போடும். தாய்மொழி சொந்த ஊரோடு உறவைக் காக்கும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதே அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி. ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தமிழ்த் தொழிலாளி, தன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஜீனோவின் கதையைத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். ஜாலஹள்ளியில் உழைத்த அந்த எழுத்தாளருக்கு அதைவிட நல்ல அஞ்சலி வேறில்லை.