மூன்று டாக்டர் பட்டமும் ஒரு தகரக் கூரையும்



கல்யாண வீட்டில் யாராவது என்னப்பா படிக்கிறே என்று கேட்டால், டிப்ளமோதான் என்று ஒரு 'தான்' சேர்த்துச் சொல்லுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் 'தான்' எதற்கு? கையால் செய்கிற வேலை ஒரு படி கீழே என்று நமக்குள்ளேயே ஓர் எண்ணம். அப்படி நினைக்கிறவர்களுக்காக ஒரு மனிதரின் கதையைச் சொல்லுகிறேன். மூன்று டாக்டர் பட்டம் வாங்கியவர். நோபல் பரிசு பெற்றவர். ஆனால் சிவில் படிக்கிற எனக்கு அவரைப் பிடித்துப் போனது அவர் கட்டிய தகரக் கூரைகளால்! அவர்தான் ஆல்பர்ட் ஷ்வைட்சர்.

1875 ஜனவரி 14-ல், அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்த அல்சேஸ் பகுதியில் பிறந்தார். அப்பா பாதிரியார். 1899-ல் தத்துவத்தில் ஒரு டாக்டர் பட்டம், 1900-ல் இறையியலில் இன்னொன்று. ஆர்கன் வாசிப்பதிலும் பெரிய பெயர். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி. நாமாக இருந்தால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்போம்.

அவரோ 21 வயதிலேயே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். 30 வயது வரை படிப்பும் இசையும். அதற்குப் பிறகு மனிதருக்கு நேரடித் தொண்டு. 1904-ல் பாரிஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகை ஒன்று கண்ணில் பட்டது. ஆப்பிரிக்காவில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட காபோனில் வேலைக்கு ஆள் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. டாக்டராகவே அங்கே போவது என்று தீர்மானித்து, 30 வயதில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். நேற்றுவரை பாடம் நடத்தியவர் இன்று பெஞ்சில்! யோசிச்சுப் பாருங்க.

படிப்பு முடிந்தும் மிஷன் சங்கம் தயங்கியது. இயேசுவைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிகள் அவர்களுக்கு உறுத்தல். நான் பிரசங்கம் செய்ய மாட்டேன், வைத்தியம் மட்டும் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் புறப்பட்டார். பணத்தையும் தானே திரட்டினார். மனைவி ஹெலன் நர்ஸ் பயிற்சி பெற்றுக் கூடவே வந்தார்.

1913 ஏப்ரலில் ஒகோவே ஆற்றங்கரையில் லாம்பரேனே வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி என்று எதுவும் இல்லை. ஒரு பழைய கோழிக்கூட்டைச் சுத்தம் செய்து, அதில்தான் நோயாளிகளைப் பார்த்தார். மலேரியா, தூக்க நோய், தொழுநோய், வயிற்றுக்கடுப்பு, குடலிறக்கம் என்று எல்லாம் படகிலேறி வந்தன. மொழிபெயர்க்க ஜோசப் என்பவர் கிடைத்தார். அவர் சமையல்காரராக இருந்தவர். அதனால் நோயாளியின் உடம்பில் வலிக்கிற இடத்தையெல்லாம் இறைச்சித் துண்டுகளின் பெயரைச் சொல்லித்தான் விளக்குவாராம்!

நம்ம ஊர் பெரியாஸ்பத்திரி மாதிரிதான் அங்கேயும். ஒரு நோயாளிக்கு நாலு சொந்தக்காரர் கூட வருவார்கள். வெளியே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். அதை ஷ்வைட்சர் தடுக்கவில்லை. வீட்டாரை விட்டுவிட்டு வா என்றால் நோயாளியே வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

1914-ல் உலகப்போர் வந்தது. பிரெஞ்சு மண்ணில் ஜெர்மானியப் பிரஜை என்பதால் வீட்டுக்காவல். 1917-ல் கைதியாக பிரான்சுக்குக் கொண்டு போனார்கள். விடுதலையான பிறகு ஊர் ஊராகக் கச்சேரி, சொற்பொழிவு நடத்திக் கடனை அடைத்தார். 1924-ல் திரும்பி வந்து பார்த்தால் ஓலைக் கூரைகள் இற்றுப் போய், ஆஸ்பத்திரி காடு மண்டிக் கிடந்தது.

தோழர்களே, எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. காலையில் டாக்டர், மதியத்துக்கு மேல் மேஸ்திரி! 1925-ல் பஞ்சமும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்து வந்தன. தொற்று நோயாளிகளைத் தனியே வைக்க இடமில்லை. ஒருவர் நோய் இன்னொருவருக்கு ஒட்டியது. மருந்து எவ்வளவு கொடுத்து என்ன பயன்? கட்டடம் சரியில்லை என்றால் வைத்தியமும் தோற்றுப் போகும். அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆற்றில் சுமார் 3 கிலோமீட்டர் மேலே புது இடம் பிடித்து, காட்டை வெட்டி, முழு ஆஸ்பத்திரியையும் புதிதாகக் கட்டினார்.

டிசைனைப் பாருங்கள். சரிவான நிலம், பேய்மழை. அதனால் கெட்டி மரத்தூண்களை நட்டு, அவற்றின் மேல் கட்டடம். மழை வெள்ளம் அடியிலேயே ஓடிவிடும். ஓலைக்குப் பதில் நெளிதகரக் கூரை. லாம்பரேனே பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர். சூரியன் கிழக்கிலிருந்து மேற்காக ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே போகும். ஆகவே கட்டடங்களின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தார். நீளமான பக்கச் சுவர்களில் வெயில் அடிக்காது. உள்ளே கரண்ட் இல்லாமலே குளுமை. நாம் வகுப்பில் படிக்கிற ஓரியன்டேஷன் பாடம்தானே இது!

1927-ல் நோயாளிகள் புது இடத்துக்கு வந்தார்கள். தனியாளாக அல்ல, ஒரு குழுவாகத்தான் இது நடந்தது. மத்தில்டே காட்மன், எம்மா ஹவுஸ்நெக்ட் போன்ற நர்சுகள் ஐரோப்பாவிலிருந்து வந்து பல்லாண்டுகள் உழைத்தார்கள். தாயில்லாப் பச்சைக் குழந்தைகளும் அவர்கள் கையில் வளர்ந்தன. மரம் வெட்டியதும் மண் சுமந்ததும் அந்த ஊர் ஜனங்கள். பலர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். 

1952-ம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணம் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குப் போயிற்று. 1957-ல் ஆஸ்லோ வானொலி வழியாக அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்தார். 1965 செப்டம்பர் 4-ல், 90 வயதில், லாம்பரேனேயிலேயே காலமானார்.

குறையில்லாத மனிதரா? இல்லை. ஆப்பிரிக்கர்களைத் தம்பிகளாகப் பார்த்தாரே தவிர, சமமானவர்களாகப் பார்த்தாரா என்ற கேள்வி அவர் காலத்திலேயே எழுந்தது. 1960-ல் காபோன் சுதந்திரம் பெற்ற பிறகும் அந்த ஆஸ்பத்திரி பழைய முறையிலேயே நடந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளை டாக்டர்களாக ஆக்க அவர் பாடுபடவில்லை. ஹெலனின் உடம்பு காசநோயால் கெட்டுப்போய், மகள் ரேனாவோடு பல வருடம் ஐரோப்பாவில் தனியே இருந்தார். அப்பா அருகில் இல்லாமலே வளர்ந்த அந்த மகள், பிற்காலத்தில் லேப் டெக்னீஷியன் வேலை கற்று லாம்பரேனேவுக்கே வந்து, அவர் இறந்தபின் ஆஸ்பத்திரி நிர்வாகத்தை ஏற்றார். 1981-ல் பக்கத்திலேயே புதிய ஆஸ்பத்திரி எழுந்தது.

நான் எடுத்துக்கொண்டது இதுதான். மூன்று டாக்டர் பட்டம் வாங்கிய மனிதருக்கு, நோயாளியைக் காப்பாற்றத் தூணும் கூரையும் தேவைப்பட்டன. அந்தக் காட்டில் அதற்கு ஆள் இல்லாமல் அவரே இறங்கினார். நம்ம ஊர்களில் ஒழுகுகிற வார்டுகள், தண்ணீர் தேங்குகிற ஆரம்ப சுகாதார நிலையங்கள் எத்தனை! அங்கே லெவல் பார்க்கவும், ஒயரிங் செய்யவும், பம்ப் ஓட்டவும் போகப் போகிறவர்கள் நாம். அவர் தவறவிட்டதையும் நாம் செய்வோம்: தெரிந்த வேலையைப் பக்கத்தில் நிற்கிற உள்ளூர்ப் பையனுக்கும் கற்றுக்கொடுப்போம்.

அடுத்த முறை யாராவது கேட்டால், அந்தத் 'தான்' வேண்டாம். டிப்ளமோ படிக்கிறேன் என்று நிமிர்ந்தே சொல்லுங்கள்!