இஷ்ட நிஷ்டையும் உலக ஒருமையும்: விவேகானந்த சுவாமிகள்

1863 ஆம் ஆண்டு சனவரி 12 இற் கல்கத்தாவிற் பிறந்த நரேந்திரநாத தத்தரே பின்னர் விவேகானந்த சுவாமிகளாயினார். இஸ்லாமிய, கிறிஸ்தவ நெறிகளிலும் நின்று சாதனை செய்த ஸ்ரீ ராமகிருஷ்ணர் அவர்தம் குருநாதர்.

1893 இற் சிக்காகோவிற் கூடிய சர்வமத மகாசபையின் இறுதிநாளில், ஒரு மதம் வென்று ஏனையவை அழிதலால் வரும் ஒருமையைச் சுவாமிகள் மறுத்தார்கள். மண்ணையும் நீரையும் உண்ட விதை மரமாகுமேயன்றி மண்ணாகாது. அவ்வாறே ஒவ்வொருவரும் பிறரிடத்துள்ள நல்லனவற்றை ஏற்றுத் தம் இயல்பிலேயே வளர்தல் வேண்டுமென்பது அவர்தம் துணிபு. ஒரே வீட்டிலே தந்தைக்கொரு வழியும் மைந்தனுக்கு வேறொரு வழியும் இருக்கலாமென்றும் கொண்டார்கள். ஆயினும் எல்லா வழிகளும் அத்துவைதத்தில் முடியுமென்றமை, தம் கொள்கைக்கே முடிசூட்டியதாகாதோ என வினவுவாரும் உளர். அவ்வினா நியாயமானதே.

மேடையிற் கூறுதல் எளிது. 1897 சனவரி 15 இற் கொழும்பில் இறங்கிய சுவாமிகள், அநுராதபுரத்து வெள்ளரசின் நீழலிற் பேசத் தொடங்கியபோது, பௌத்தர் சிலர் திரண்டு பறைமுழக்கித் தடுத்தனர். சினந்தெழுந்த இந்துக்களை அடக்கி, தமது பேச்சை இடையே நிறுத்தியவர் சுவாமிகளே. சிவனென்றும் விஷ்ணுவென்றும் புத்தரென்றும் வணங்கப்படும் பொருள் ஒன்றே என்று அங்கே நினைவூட்டினார்கள். சிக்காகோக் கரகோஷத்தினும் இதனையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியில் வேதாந்தத்தைப் பற்றி உரையாற்றினார்கள். சைவசித்தாந்தத்தில் ஊறிய நம் முன்னோர்க்கு அவ்வத்துவைதம் முழுதும் உடன்பாடாயிருந்ததென நாம் சொல்லத் துணியோம். எனினும் தீவர்த்தி பிடித்து ஊர்வலமாக அவரை அழைத்துவந்தவர்களும் அவர்களே.